இருட்டைக் கேட்டு ரசிப்பது ஏன்? - ஹெவி மெட்டல் இசையின் கதை

பயப்படுவதற்காக மனிதர்கள் காசு கொடுத்து வரிசையில் நிற்பார்களா? நிற்பார்கள்! ஊர் உலகமெங்கும் பேய்ப்படங்கள் ஓடுவதே அதற்குச் சாட்சி.

1969-ம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில் நான்கு இளைஞர்கள் இதைக் கண்ணால் பார்த்தார்கள். அவர்கள் ஒத்திகை பார்க்கும் இடத்துக்கு எதிரே ஒரு சினிமா தியேட்டர். போரிஸ் கார்லோஃப் நடித்த 'பிளாக் சாபத்' என்ற திகில் படம் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நல்ல கூட்டம். திகிலுக்குக் காசு கொடுக்க இத்தனை பேர் இருக்கும்போது, திகிலூட்டும் இசையை ஏன் வாசிக்கக் கூடாது என்ற யோசனை அப்போதுதான் பிறந்தது என்று அந்தக் குழுவினர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை 'எர்த்' என்ற பெயரில் புளூஸ் வாசித்துக்கொண்டிருந்த குழு, படத்தின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. ஹெவி மெட்டல் இசையின் வரலாற்றைப் பெரும்பாலோர் இந்த பிளாக் சாபத் குழுவிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஆனால் பேய்ப்படம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பார்த்தவர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். மெட்டல் ரசிகர் அப்படியில்லை. சாவு, போர், தனிமை, பைத்தியம், நரகம் என்று பாடும் ஒரே ஆல்பத்தை நூறு முறை கேட்பார். குழுவின் பெயர் போட்ட கறுப்புச் சட்டையைச் சாயம் போகும்வரை போட்டுக்கொள்வார். இவ்வளவு சோகத்திலும் இருட்டிலும் அவருக்கு என்னதான் கிடைக்கிறது? வீட்டில் அம்மா அப்பா கேட்டார்கள், பாதிரியார்கள் கேட்டார்கள், கடைசியில் நீதிமன்றமே கேட்டது. ஆய்வுக்கூடங்கள் கேட்கத் தொடங்கியது அதற்கும் பிறகுதான்.

இரும்பு ஊரில் பிறந்த இசை

பிளாக் சாபத்தின் நால்வர்: கிதார் வாசித்த டோனி ஐயோமி, பேஸ் கிதார் வாசித்துப் பெரும்பாலான பாடல்களை எழுதிய கீஸர் பட்லர், டிரம்ஸ் வாசித்த பில் வார்ட், பாடிய ஆஸி ஆஸ்பர்ன். நால்வரும் 1948, 1949-ல் பிறந்தவர்கள். வளர்ந்தது பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானங்கள் கடுமையாகக் குண்டு வீசிய நகரம் அது. போர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் இடிந்த மனைகள் அப்படியே கிடந்தன. பிள்ளைகள் அந்த இடிபாடுகளில்தான் விளையாடினார்கள். மற்றபடி எங்கே பார்த்தாலும் தொழிற்சாலைதான். பள்ளியை விட்டால் அடுத்த நாளே மெஷின் முன்னால் நிற்க வேண்டியதுதான்.

ஆஸி ஆஸ்பர்ன் கார் ஹார்ன்களைச் சரிபார்க்கும் வேலை செய்தார். மாடு வெட்டும் கூடத்தில் வேலை செய்தார். திருடி மாட்டி, அபராதம் கட்ட முடியாமல் ஆறு வாரம் சிறையிலும் இருந்தார். டோனி ஐயோமிக்கு உலோகத் தகடு வேலை. பதினேழு வயதில், ஒரு இசைக்குழுவோடு போவதற்காக அவர் வேலையை விட முடிவு செய்திருந்தார். அன்றுதான் கடைசி நாள். தகட்டை அழுத்தும் மெஷினில் வழக்கமாக நிற்பவர் வராததால் அவரை அங்கே நிறுத்தினார்கள். மெஷின் இறங்கியதில் அவருடைய வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயிற்று. ஐயோமி இடது கைக்காரர். ஆகவே தந்திகளை அழுத்த வேண்டிய கை அந்த வலது கைதான். கிதார் கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

தொழிற்சாலையின் மேலாளர் ஒருவர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். வாசித்திருந்தவர் ஜாங்கோ ரெயின்ஹார்ட். 1928-ல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் ஐரோப்பாவின் பெரும் ஜாஸ் கிதார் கலைஞராக விளங்கியவர் அவர். அதைக் கேட்ட ஐயோமி, காலியான பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்தார். அதன்மேல் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டிக்கொண்டார். விரல் வலிக்காமல் இருக்க மெல்லிய தந்திகளைப் போட்டார். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் தந்திகளைத் தளர்த்தி, சுருதியை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கியே வைத்தார். தளர்ந்த தந்தி விரலுக்கு இதமாக இருந்தது. கூடவே ஒலியும் கனத்தது, இருண்டது. இன்று உலகம் முழுவதும் மெட்டல் குழுக்கள் சுருதியை இறக்கி வாசிக்கின்றன. அதன் வேர்களில் ஒன்று, வலியோடு வாசிக்க ஒரு தொழிலாளி கண்டுபிடித்த வழி!

சாத்தானா, செய்தித்தாளா?

முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13-ம் தேதி, வெள்ளிக்கிழமை வெளியானது. மேற்கத்தியர்களுக்கு அது ராசியில்லாத நாள். 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் லெஸ்டர் பேங்ஸ் அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார். ஆனாலும் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 8-ம் இடம், அமெரிக்காவில் 23-ம் இடம். அதே ஆண்டு வந்த 'பாரனாய்ட்' பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்தது.

முதல் ஆல்பத்தின் முதல் பாடல் மழை, இடி, கோயில் மணியோடு தொடங்கும். பிறகு மூன்றே சுரங்கள், மெல்ல மெல்ல. அதில் வரும் இடைவெளிக்கு மேற்கத்திய இசையில் 'டிரைடோன்' என்று பெயர். சாத்தானின் சுரம் என்று இடைக்காலத் திருச்சபை அதைத் தடை செய்தது என்று ஒரு கதை உண்டு. அது கதைதான். பாடுவதற்குக் கடினம், காதுக்கு உறுத்தும் என்று தவிர்த்தார்களே தவிர, வாசித்தவரை யாரும் தண்டிக்கவில்லை. சாத்தான் பெயர் அதன்மேல் ஏறியதும் 18-ம் நூற்றாண்டில்தான். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வேடிக்கை புரியும். ஷட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள இடைவெளிதான் அது. கல்யாணி ராகத்தில் அதே பிரதி மத்தியமம் இருக்கிறது. கல்யாணியைக் கேட்டு யாரும் நடுங்குவதில்லை! ஆக, இருட்டு சுரத்துக்குள் இல்லை. எந்த வேகத்தில், எந்தக் கனத்தில், எதைச் சொல்வதற்காக வாசிக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

அப்படி அவர்கள் எதைச் சொன்னார்கள்? சாத்தான் பெயர் வருவது சில பாடல்களில்தான். 'வார் பிக்ஸ்' ஏழைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுப் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும் தலைவர்களைத் திட்டும் பாடல். அது வியட்நாம் போர் நடந்த காலம். 'ஹேண்ட் ஆஃப் டூம்' போரிலிருந்து ஹெராயின் பழக்கத்தோடு திரும்பிய சிப்பாய்களைப் பற்றியது. 'பாரனாய்ட்' மனச்சோர்வைப் பற்றியது. தனக்கே மனச்சோர்வு இருந்ததையும், அதற்கு என்ன பெயர் என்றுகூட அப்போது தெரியாததையும் கீஸர் பட்லர் பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அன்றைய ஆஸ்டனில் ஒரு பையன் வீட்டில் போய் 'மனசு சரியில்லை' என்று சொல்ல முடியாது. ஆனால் அதைப் பாட்டாக எழுதி, காது கிழியும் சத்தத்தில் வாசிக்க முடிந்தது. மேடைக்கு எதிரே நின்றவர்களுக்கு அது புரிந்தது. தங்களுக்கும் இருப்பதுதான் அது என்று தெரிந்தது.

1980-களின் முடிவிலும் 1990-களின் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் வடக்கிலிருந்து இன்னொரு அலை வந்தது. ஹாலிஃபாக்ஸிலிருந்து 'பாரடைஸ் லாஸ்ட்', பிராட்ஃபோர்டிலிருந்து 'மை டையிங் பிரைட்', லிவர்பூலிலிருந்து 'அனாதிமா'. கம்பளி ஆலைகளும் துறைமுகமும் நொடித்துப்போயிருந்த ஊர்கள் அவை. இவர்களுடைய இசையில் ஆத்திரத்தைவிட துக்கமே அதிகம். இழுத்து இழுத்து, இறுதி ஊர்வலம் போகிற வேகத்தில் நகரும். 'மை டையிங் பிரைட்' வயலினையும் சேர்த்துக்கொண்டது. இந்த வகைக்கு 'டூம் மெட்டல்' என்று பெயர்.

இதை வைத்து, வறுமைதான் இருண்ட இசையைப் பெறுகிறது என்று முடித்துவிட முடியாது. பின்லாந்தைப் பாருங்கள். தலைக்கணக்கில் அங்கேதான் மெட்டல் குழுக்கள் அதிகம் என்று 2016-ல் அமெரிக்க அதிபர் ஒபாமாவே, நார்டிக் நாட்டுத் தலைவர்களை வரவேற்றுப் பேசும்போது வேடிக்கையாகக் குறிப்பிட்டார். அதே பின்லாந்துதான் உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் 2025 வரை தொடர்ந்து எட்டு முறை முதலிடம் பிடித்தது! மெட்டல் கேட்பதால் மகிழ்ச்சி வந்தது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் இருண்ட இசையைக் கேட்பவர்கள் இருண்டுதான் போவார்கள் என்ற வாதம் இங்கே நன்றாகவே அடி வாங்குகிறது.

கூண்டில் ஏறிய பாட்டு

அந்த வாதம் வெறும் வீட்டுச் சண்டையாக இருந்தவரை பரவாயில்லை. 1980-களின் அமெரிக்காவில் அது உயிரோடும் சட்டத்தோடும் சம்பந்தப்பட்டது. 1985-ல் அரசியல்வாதிகளின் மனைவிமார் சிலர் சேர்ந்து, பெற்றோருக்கான இசை ஆதார மையம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முன்னணியில் நின்றவர் டிப்பர் கோர். அந்த ஆண்டு செப்டம்பர் 19 அன்று செனட் குழு விசாரணையே நடத்தியது. 'ட்விஸ்டட் சிஸ்டர்' குழுவின் டீ ஸ்னைடர் அங்கே போய், தன் பாட்டில் இல்லாத பொருளை நீங்கள்தான் படித்துக்கொள்கிறீர்கள் என்று வாதாடினார். அதன் பிறகுதான் ஆல்பங்களின் மேல் பெற்றோருக்கான எச்சரிக்கை ஒட்டப்படலாயிற்று.

அடுத்து வழக்குகள். கலிஃபோர்னியாவில் 1984-ல் தற்கொலை செய்துகொண்ட 19 வயது இளைஞனின் பெற்றோர், ஆஸி ஆஸ்பர்னின் 'சூயிசைட் சொல்யூஷன்' பாடல்தான் காரணம் என்று வழக்குப் போட்டார்கள். 'சொல்யூஷன்' என்ற சொல்லுக்குத் தீர்வு என்றும் பொருள், கரைசல் என்றும் பொருள். குடி மனிதனை மெல்லக் கொல்வதைத்தான் பாடல் சொல்கிறது என்றது குழுவின் தரப்பு. வழக்கு தள்ளுபடியானது, 1988-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இதைவிடப் பெரிய வழக்கு 1990-ல் நெவாடா மாநிலம் ரீனோவில் நடந்தது. கூண்டில் நின்றது அதே பர்மிங்ஹாம் வட்டாரத்திலிருந்து வந்த 'ஜூடாஸ் பிரீஸ்ட்' குழு. 1985 டிசம்பரில் இரண்டு இளைஞர்கள் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார்கள். ஒருவர் அன்றே இறந்தார். மற்றவர் பலத்த காயத்தோடு பிழைத்து, 1988-ல் இறந்தார். குழுவின் 1978-ம் ஆண்டுப் பாடல் ஒன்றில், காதுக்குத் தெரியாமல் மனதுக்குள் இறங்கும்படி ஒரு கட்டளை ஒளிந்திருப்பதாகக் குடும்பத்தினர் குற்றம் சாட்டினார்கள். குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் நீதிமன்றத்தில் தன் பாடல்களைத் தலைகீழாக ஓடவிட்டுக் காட்டினார். தேடினால் அர்த்தமில்லாத வேடிக்கை வாக்கியங்கள்கூடக் கேட்கும் என்பதைக் காட்டத்தான்! ஆகஸ்ட் மாதம் தீர்ப்பு வந்தது. அந்த ஒலி, மூச்சு விடும் சத்தமும் கிதார் சத்தமும் தற்செயலாகச் சேர்ந்ததால் வந்தது, வேண்டுமென்று வைத்ததல்ல என்று சொல்லி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

பிள்ளையை இழந்த பெற்றோரைக் கேலி செய்ய இதில் ஒன்றுமில்லை. அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. இசைத்தட்டு கையில் எடுத்துக் காட்டக்கூடிய காரணமாக இருந்தது. ஆனால் விசாரணையில் வெளிவந்த அந்த இளைஞர்களின் வாழ்க்கை வேறு கதை சொன்னது: வீட்டில் வன்முறை, குடி, போதை, பாதியில் நின்ற படிப்பு, வேலையின்மை. இவையெல்லாம் அந்தப் பாட்டுக்கு முன்பே இருந்தவை.

நார்வேயை மறைக்கக் கூடாது

மெட்டல் ரசிகர்கள் சொல்லத் தயங்கும் பகுதி ஒன்றும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் நார்வேயின் 'பிளாக் மெட்டல்' வட்டத்தைச் சேர்ந்த சிலர் நிஜமாகவே தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். பெர்கன் அருகே இருந்த ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் 1992 ஜூனில் சாம்பலானது. 1993-ல் ஒரு இசைக்கலைஞரை இன்னொரு இசைக்கலைஞர் குத்திக் கொன்றார். 1994-ல் அவருக்கு 21 ஆண்டு சிறை. இது வெறும் நாடகம்தான் என்று சொல்லித் தப்பிக்க இங்கே வழியில்லை. பாட்டில் இருந்த இருட்டை வெளியே கொண்டுவந்து வாழ்ந்து காட்டுவதுதான் உண்மை என்று அந்தச் சிறு வட்டத்தில் ஒருவரையொருவர் ஏற்றிவிட்டுக்கொண்டார்கள். ஆனால் அவர்களுடைய இசையை அதற்குப் பிறகு உலகம் முழுவதும் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அவர்கள் தீப்பெட்டியோடு கிளம்பவில்லை. காரணத்தை ஒலியில் தேடுவதைவிட அந்தச் சிலரிடமும் அவர்களுடைய போட்டியிலும் தேடுவதுதான் பொருத்தம்.

ஆய்வுக்கூடம் என்ன சொல்கிறது?

1999-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஷீல், வெஸ்ட்ஃபெல்ட் இருவரும் பள்ளி மாணவர்களிடம் ஆய்வு செய்தார்கள். மெட்டல் ரசிகர்களிடம் தற்கொலை எண்ணம் அதிகம் இருந்தது உண்மை என்று தெரிந்தது. ஆனால் இசை கேட்டதும் மனநிலை எப்படி மாறுகிறது என்று கேட்டால், நன்றாகிறது என்பதே பெரும்பாலோரின் பதில். காய்ச்சல்காரர்கள் மருந்துக்கடையில் அதிகம் நிற்பதால் மருந்துக்கடை காய்ச்சலைப் பரப்புகிறது என்று சொல்ல முடியுமா?

2015-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஷர்மன், டிங்கிள் இருவரும் இந்தக் காரணத்தை நேராகவே சோதித்தார்கள். கடும் இசை கேட்கும் 39 பேர், வயது 18 முதல் 34 வரை. முதலில் தங்களுக்குக் கோபமூட்டிய விஷயங்களைப் பேசவைத்து அவர்களைக் கொதிக்க வைத்தார்கள். பிறகு பாதிப்பேர் பத்து நிமிடம் தங்களுக்குப் பிடித்த கடும் இசையைக் கேட்டார்கள். மீதிப்பேர் அமைதியாக உட்கார்ந்தார்கள். இசை கேட்டவர்களுக்கு இதயத் துடிப்பு குறையவில்லை. ஆனால் கோபம் ஏறவில்லை. எரிச்சலும் பகையுணர்வும் மற்றவர்களுக்குக் குறைந்தது போலவே குறைந்தன. உற்சாகமும் சேர்ந்தது. அதாவது, உள்ளே கொதிப்பு இருக்கும்போது வெளியே தாலாட்டுப் பாடினால் ஒட்டாது. கொதிப்புக்குச் சமமான சத்தம் வந்தால் மனம் அதோடு சேர்ந்துகொள்கிறது, பிறகு தெளிகிறது.

சிட்னியின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளும் இதே திசையில்தான் போகின்றன. வன்முறை வரிகள் நிறைந்த 'டெத் மெட்டல்' பாடல்களைக் கேட்டபோது மற்றவர்களுக்குப் பதற்றமும் பயமும் வந்தன; ரசிகர்களுக்கு வலிமை, மகிழ்ச்சி, சிலருக்கு அமைதிகூட வந்தது. 2019-ல் வந்த இன்னொரு ஆய்வில் 32 ரசிகர்களையும் 48 மற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரு கண்ணுக்கு வன்முறைப் படம், மறு கண்ணுக்குச் சாதாரணப் படம் காட்டி, மூளை எதைக் கவனிக்கிறது என்று பார்த்தார்கள். வன்முறையைக் கண்டதும் உஷாராகும் இயல்பு ரசிகர்களிடமும் மற்றவர்களைப் போலவே இருந்தது. ரத்தப் பாட்டு கேட்டுக் கேட்டு மனம் மரத்துப்போகவில்லை.

1980-களில் மெட்டலில் ஊறிக் கிடந்தவர்களை நடுவயதில் தேடிப்பிடித்துக் கேட்ட ஒரு அமெரிக்க ஆய்வும் 2015-ல் வந்தது. பலருக்குக் கடினமான இளமை; ஆபத்தான விளையாட்டுகளும் நிறைய. ஆனாலும் அன்று மகிழ்ச்சியாக இருந்ததாகச் சொன்னார்கள். நடுவயதிலும் மற்றவர்களைவிட நன்றாகவே வாழ்க்கையில் பொருந்தியிருந்தார்கள். தங்களை ஏற்றுக்கொண்ட கூட்டம் ஒன்று இருந்தது அவர்களைக் காத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

அப்படியானால் பதில்?

துன்பியல் நாடகம் பார்ப்பவரின் அச்சமும் இரக்கமும் வடிந்து மனம் தூய்மையாகிறது என்று அரிஸ்டாட்டில் அன்றே சொன்னார். அது பாதி பதில். மெட்டலில் இன்னும் மூன்று சேர்கின்றன.

ஒன்று, கட்டுப்பாடு. வாழ்க்கையில் துக்கம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆனால் பாட்டில் வரும் துக்கத்துக்குத் தொடக்கம் உண்டு, தாளம் உண்டு, ஏழாவது நிமிடத்தில் முடிவும் உண்டு. போடுவதும் நிறுத்துவதும் கேட்பவர் கையில்.

இரண்டு, துணை. சந்தோஷமான பாட்டு, சோர்ந்திருப்பவனிடம் 'நீ ஏன் இப்படி இருக்கிறாய்' என்று கேட்பது போல இருக்கும். இருண்ட பாட்டு அவனைத் திருத்த வருவதில்லை, பக்கத்தில் உட்காருகிறது.

மூன்று, உடம்பு. அடிவயிற்றில் அதிரும் பேஸும் டிரம்ஸும் துக்கத்தை வலிமையாக மாற்றிக் கொடுக்கின்றன. சோகமான வார்த்தையைப் பலமான ஒலியில் கேட்கும்போது, சோகப்படுபவன் பலவீனமானவன் என்ற எண்ணம் உடைகிறது.

எல்லோருக்கும் எப்போதும் இது மருந்து என்றும் சொல்ல முடியாது. ஒரே கவலையை மனதில் அரைத்துக்கொண்டே இருப்பவருக்குச் சோக இசை அந்த அரைப்பைக் கூட்டவும் செய்யலாம். கேட்டு முடித்த பிறகு மனம் லேசாகிறதா, கனக்கிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. அதைக் கேட்பவரிடம்தான் கேட்க முடியும். ஆல்பத்தின் அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கனக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், பாட்டைப் பிடுங்குவதைவிட அவனோடு உட்கார்ந்து பேசுவதும், தேவையானால் மருத்துவரிடம் அழைத்துப் போவதும்தான் பயன் தரும். ரீனோ வழக்கின் அந்த இரண்டு இளைஞர்கள் கேட்ட பாட்டைப் பற்றி விசாரிக்க வழக்கறிஞர்கள் வந்தார்கள்; அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி அதற்கு முன்பே யாராவது கேட்டிருக்க வேண்டும்.

2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனின் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், பிறந்த ஊரிலேயே, பிளாக் சாபத்தின் நால்வரும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றாகக் கடைசி முறை வாசித்தார்கள். ஆஸி ஆஸ்பர்னுக்கு பார்க்கின்சன் நோய். நிற்க முடியாமல் நாற்காலியில் அமர்ந்தே பாடினார். வந்த பணம் குழந்தைகள் மருத்துவமனைக்கும், குழந்தைகளுக்கான அந்திமக் காப்பகத்துக்கும், பார்க்கின்சன் ஆய்வுக்கும் என்று அறிவித்திருந்தார்கள். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று அவர் இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலம் பர்மிங்ஹாம் தெருக்களில் போனபோது, கறுப்புச் சட்டை போட்ட ஆயிரக்கணக்கானவர்கள் சாலையோரம் நின்று அழுதார்கள், கைதட்டினார்கள், அவர் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். ஐம்பது ஆண்டுகளாக அவர்களைப் பார்த்து 'இந்த இருட்டில் என்ன இருக்கிறது' என்று கேட்டவர்கள், அன்று அந்தத் தெருவில் நின்றிருந்தால் பாதி பதிலாவது கிடைத்திருக்கும்.